ரிபோநியூக்ளியேஸ் ஏ

ரிபோநியூக்ளியேஸ் ஏ என்பது மாட்டின் கணையத்தில் சுரந்து, ஆர்என்ஏ சங்கிலியைத் துண்டாக்கும் நொதி. 124 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலியான இதை நான்கு டைசல்பைடு பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. 1940இல் மோசஸ் குனிட்ஸ் இதைப் படிகமாக்கினார். 1950களில் அமெரிக்காவின் ஆர்மர் இறைச்சி நிறுவனம் இதை ஒரு கிலோ அளவில் தூய்மையாகப் பிரித்து ஆய்வாளர்களுக்கு வழங்கியது. சிறியது, உறுதியானது, தாராளமாகக் கிடைப்பது என்பதால், புரதத்தின் அமினோ அமில வரிசைக்கும் வேலைக்கும் உள்ள உறவை ஆராய இதுவே களமாயிற்று. அந்த ஆய்வுகள் காட்டியது இதுதான்: வரிசை வடிவத்தைத் தீர்மானிக்கிறது, ஆனால் வேலையை அறிய வரிசையைப் படித்தால் மட்டும் போதாது.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்டு மூர், வில்லியம் ஸ்டைன் ஆகியோர் சக ஆய்வாளர் ஹிர்ஸுடன் சேர்ந்து 1960இல் இதன் வரிசையை வெளியிட்டனர். 1963இல் அதிலிருந்த பிழைகள் திருத்தப்பட்டன. முழு வரிசை அறியப்பட்ட முதல் நொதி இதுவே. எனினும் ஆர்என்ஏவை வெட்டும் இடம் எது என்பதை அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அதைச் சொன்னது வேதிச் சோதனை. அயோடோஅசிட்டேட் என்ற வேதிப்பொருள் 12ஆம் இடத்திலோ 119ஆம் இடத்திலோ உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே மூலக்கூறில் இரண்டிலும் ஒட்டவில்லை. ஒன்றில் ஒட்டினாலே நொதி செயலிழந்தது. சங்கிலியில் 107 இடங்கள் தள்ளியிருக்கும் இவ்விரண்டும் மடிப்பில் அருகருகே இருக்க வேண்டும் என்று மூரும் ஸ்டைனும் முடிவு செய்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனுடன் கொலாஜனை ஆராய்ந்த கோபிநாத் கர்த்தா, பஃபலோவில் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் 1967இல் எக்ஸ் கதிர் மூலம் கண்ட வடிவம் அதை உறுதிப்படுத்தியது.

அந்த மடிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை பெதஸ்தாவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் எடுத்துக்கொண்டார். யூரியாக் கரைசலில் நொதியின் மடிப்பைக் குலைத்து, டைசல்பைடு பிணைப்புகளையும் அறுத்தார். யூரியாவை நீக்கிக் காற்றுப்பட வைத்தபோது செயல் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பியது. டைசல்பைடு பிணைப்புகளை அமைக்கும் எட்டு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இணைசேர 105 வழிகள் உண்டு. சரியான ஒன்றை மட்டும் சங்கிலி தானே தேர்ந்தது. யூரியாவிலேயே பிணைப்புகள் உருவாகவிட்டால், தாறுமாறாக இணைந்து சுமார் ஒரு சதவீதச் செயலே மிஞ்சியது. 1972இல் மூர், ஸ்டைன், அன்ஃபின்சன் மூவரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உயிரணுவில் பல புரதங்கள் துணைப் புரதங்களின் உதவியோடுதானே மடிகின்றன என்று மறுப்பு எழலாம். அன்ஃபின்சன் குழுவே 1963இல், டைசல்பைடுகளை விரைவாக மாற்றி இணைக்கும் நொதியைக் கண்டது. ஆனால் இத்தகைய துணைப் புரதங்கள் மடிவதை விரைவுபடுத்துகின்றன, அல்லது சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைத் தடுக்கின்றன. எந்த வடிவம் என்ற தகவலைத் தருவது வரிசையே. வலுவான மறுப்பு வேறு: வரிசை வடிவத்தையும் வடிவம் வேலையையும் தருமென்றால், வரிசையிலிருந்தே வேலையை ஊகிக்கலாமே? 1985இல் பிரித்தெடுக்கப்பட்ட ஆஞ்சியோஜெனின் இதற்கு எச்சரிக்கை. இதே குடும்பத்தைச் சேர்ந்து, வெட்டும் ஹிஸ்டிடின்களையும் கொண்ட அப்புரதம், ஆர்என்ஏவை மிக மந்தமாகவே வெட்டுகிறது; புதிய இரத்த நாளங்களை வளரச் செய்வதே அதன் நன்கு அறியப்பட்ட பணி. வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளை உருவாக்கியோர் 2024இல் நோபல் பெற்றபின்னும் வடிவத்துக்கும் வேலைக்கும் உள்ள இந்த வேறுபாடு மறையவில்லை. குடும்ப உறவைக் கொண்டு வேலையை ஊகிக்கலாம். அந்த ஊகத்தை ஏற்பதா தள்ளுவதா என்பதைச் சோதனைதான் தீர்க்க வேண்டும்.