வீடியோ விளையாட்டிசையில் காலமும் பாடமும்

இசை காலத்தில் நிகழும் கலை. ஓவியத்தை ஒரு நொடியிற் பார்த்து அகல்வாரும் உளர். ஒரு பகல் முழுதும் பார்த்து நிற்பாரும் உளர். இசைக்கு அத்தகைய நெகிழ்ச்சி இல்லை. ஓர் இசைப்படைப்பு எவ்வளவு நேரம் நீள வேண்டும், எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பவற்றை அரங்கில் இசையமைத்தோரும் இசைப்போரும் வரையறுக்கின்றனர். திரைப்படத்திற் காட்சியின் நீளம் வரையறுக்கின்றது. வீடியோ விளையாட்டிலோ அவ்வரையறை ஆடுவோர் கையில் உள்ளது. ஒருவர் ஒரு குகையை அரை நிமிடத்திற் கடப்பார். மற்றொருவர் அங்கேயே அரை மணி நேரம் வழியறியாது திகைப்பார். இருவருக்கும் ஒரே இசை பொருந்துதல் வேண்டும். இவ்விடர்ப்பாட்டிற்கு விடை காணும் முயற்சியே விளையாட்டிசையின் வரலாறு என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்குப் பலரும் விரும்பிப் போற்றும் விளையாட்டுகள் சிலவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கருதத்தக்கது, 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பதாகும். இதனை ஆக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. 55 பகையுருக்கள் ஐந்து வரிசைகளாய்த் திரையின் மேலிருந்து இறங்கி வருகின்றன. அவை நகருங்கால் தாழ்ந்த ஒலியுடைய நான்கு சுரங்கள் மட்டும் இடையறாது ஒலிக்கின்றன. பகையுருக்கள் வீழ வீழ எஞ்சியவை விரைகின்றன. சுரங்களின் நடையும் விரைகின்றது. வரைய வேண்டிய உருக்கள் குறையுந்தோறும் செயலியின் சுமை குறைந்தமையால் இவ்விரைவு தானே தோன்றியது. அதனைக் குறையெனக் களையாது ஆட்டத்தின் சுவையாகவே நிஷிகாடோ அமைத்துக்கொண்டார். நான்கு சுரங்களை இசையெனக் கொள்ளுதல் தகுமோ எனின், தகும் என்போம். ஆடுவோர் தம் வெற்றியே தமக்கு நெருக்கடியாய் மாறுவதைக் கண்ணாற் காண்பதோடு செவியாலும் உணர்கின்றனர். செயலுக்கு ஏற்ப நடை மாறும் இசை என்னும் இலக்கணம் இங்கேயே அமைந்துவிட்டது.

அடுத்த படிநிலையை 1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' காட்டுகின்றது. இதற்கு இசையமைத்தவர் கோஜி கோண்டோ. ஃபாமிகாம் என்னும் அப்பொறியின் ஒலிச்சில்லில் ஐந்து குரல்களே இருந்தன. விளையாட்டு முழுமைக்கும் கிடைத்த நினைவகம் 40 கிலோபைட் மட்டுமே. எனவே, நீண்ட இசைக்கு இடமில்லை. சிறிய இசையே மீண்டும் மீண்டும் சுழன்று வருதல் வேண்டும். சுழற்சி சலிப்புத் தரும் என்பது வெளிப்படை. கோண்டோ அச்சலிப்பை ஓட்டம், தாவல் என்னும் அசைவுகளுக்கு இயைந்த தாளத்தாலும், நிலத்திற்கு நிலம் இசையை வேறுபடுத்தியமையாலும் வென்றார். வெளிநிலத்திற்குத் துள்ளல் நடை. நீர்நிலைக்கு மூன்றன் கதியில் அசையும் நடை. நிலத்தடிக்குச் சில சுரங்களும் இடைவெளியும். உரிய நேரம் 100 அலகிற்குக் கீழ்க் குறைந்தவுடன் ஓர் எச்சரிக்கை ஒலி எழுந்து இசை விரைவுறும். கடிகாரத்தை நோக்காதவரும் காலத்தின் குறுக்கத்தை உணர்ந்துகொள்வர்.

சுழற்சியால் தீராத குறை ஒன்று இருந்தது. ஆடுவோர் ஓரிடம் விட்டு வேறிடம் புகுங்கால் பழைய இசை நடுவே அறுந்து புதிய இசை திடுமெனத் தொடங்கும். இக்குறையை நீக்குதற்கு அமெரிக்காவில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானெல் என்னும் இருவர் 'ஐமியூஸ்' என்னும் நிரல்முறையை வகுத்தனர். 1991-இல் வெளிவந்த 'மங்கி ஐலண்ட் 2' இதனை முதன்முதற் கையாண்டது. அதன்கண் வுட்டிக் என்னும் சிற்றூர் ஒன்று வருகின்றது. ஆடுவோர் ஊரினின்று ஒரு குடிலுக்குட் புகுந்தவுடன், ஊரின் இசை அறுபடாமல் அக்குடிலுக்குரிய கருவியொலியோடு வேறுபட்டுத் தொடர்கின்றது. வெளிவந்தவுடன் இணைப்பிசை ஒன்றால் முன்னைய நிலைக்கு மீள்கின்றது. எப்பொழுது முறியும் என்று அறியாத இசைக்கு, எங்கு முறிந்தாலும் பொருந்தும் இணைப்புகளை முன்னரே அமைத்துவைத்தமை இவர்தம் திறனாகும்.

1998-இல் வெளிவந்த 'தி லெஜெண்ட் ஆஃப் செல்டா: ஒகரினா ஆஃப் டைம்' இவ்வழியில் மேலும் சென்றது. இதற்கும் கோண்டோவே இசையமைத்தார். ஹைரூல் என்னும் பரந்த வெளிக்குரிய இசையை எட்டு எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட சிறு பகுதிகளாக அவர் ஆக்கினார். அவை ஒவ்வொரு முறையும் வேறுபட்ட வரிசையில் வரும். கதைத்தலைவன் நின்றால் அமைதியான பகுதிகளும், பகை அணுகினால் பதற்றமான பகுதிகளும் தொடரும். இது மட்டுமன்று, ஒகரினா என்னும் ஊதுகருவியைத் தலைவன் கையிற் கொடுத்து, அதன் ஐந்து சுரங்களைக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஐந்து பொத்தான்களுக்கு உரியவாக்கினர். ஆடுவோர் பண்ணை நினைவிற் கொண்டு தாமே வாசித்தாலன்றிப் பல வாயில்கள் திறவா. ஆட்டத்திற்குத் துணையாய் இருந்த இசை ஈண்டு ஆட்டமே ஆயிற்று.

இசையின்மையும் இசையமைப்பின் ஒரு பகுதியே என்பதற்கு 2005-இல் வெளிவந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' சான்று. இசையமைத்தவர் கோ ஒடானி. தலைவன் குதிரை மீது அகன்ற பாழ்நிலத்தைக் கடக்கும் பொழுது பெரும்பாலும் குளம்பொலியும் காற்றொலியுமே கேட்கின்றன. பேருருவம் ஒன்று எதிர்ப்பட்ட பின்னரே இசை எழுகின்றது. தலைவன் அதன் மேல் ஏறியபின் எழுச்சியுறுகின்றது. நெடுநேரம் காத்த அமைதியே பின்வரும் இசைக்கு ஆற்றல் தருகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் விளையாட்டிசை ஆடுவோரின் செயலோடு பிரிப்பின்றி இயைந்தது என்பது பெறப்படும். இதற்கு மாறாக, 'அவ்விசை தனித்து நிற்கவல்லது' என்பார் கூற்றையும் நோக்குதல் முறை. 1986-இல் தோன்றிய 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டிற்குக் கோய்ச்சி சுகியாமா அமைத்த இசை, 1987-இல் டோக்கியோ சன்டோரி அரங்கிலேயே இசைக்கப்பெற்றது. 2021-இல் நிகழ்ந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர் அணிவகுப்பிற்கும் அவ்விசை ஒலித்தது. 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் மாரியோ இசையைச் சேர்த்தது. விளையாட்டிசை அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. இப்பெருமைகளை யாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒலிப்பதிவில் உள்ளது அவ்விசை கொள்ளக்கூடிய பல வடிவங்களுள் ஒன்றே. நேரம் குறைந்தவுடன் விரையும் மாரியோ இசையின் இயல்பை ஒலித்தட்டு காட்டுமேனும், அவ்விரைவிற்குக் காரணமான ஆடுவோர் அங்கே இல்லை.

மேலும், எதனை மூலபாடம் எனக் கொள்வது என்னும் வினாவும் எழுகின்றது. கோனாமி நிறுவனம் 1989-இல் ஜப்பானில் வெளியிட்ட 'அகுமாஜோ டென்செட்சு' என்னும் விளையாட்டின் பேழையில் தனிச்சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பொறியின் ஐந்து குரல்களோடு மூன்று குரல்களை அது கூட்டித்தந்தது. அதே விளையாட்டு 1990-இல் 'காசில்வேனியா 3' என்னும் பெயரோடு அமெரிக்கா சென்றபொழுது அச்சில்லு இடம்பெறவில்லை. இசை ஐந்து குரல்களுக்குள் மாற்றியமைக்கப்பட்டது. ஈரிடத்தும் வளர்ந்தோர் இருவேறு பாடங்களை உண்மைப் பாடமாக நெஞ்சிற் கொண்டனர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பயிற்சியுடையார்க்கு இந்நிலை புதிதன்று. ஈண்டு ஒப்புநோக்க வேண்டியவை ஏடுகள் அல்ல, பொறிகளும் நிரல்களுமே.

அப்பொறிகளும் நிரல்களும் மறைந்து வருகின்றன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று, வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. இவற்றுட் பலவற்றின் இசை ஒலிப்பதிவாக எஞ்சலாம். ஆனால், எச்செயலுக்கு எவ்வாறு அது விடையிறுத்தது என்பதை அறியும் வழி அடைபட்டுவிடும். பரிபாடற் பாடல்கள் பலவற்றின் இறுதியில் பாடினோர் பெயரோடு இசை வகுத்தோர் பெயரும் பண்ணின் பெயரும் உள்ளன. அவ்விசை மட்டும் நமக்குக் கிட்டவில்லை. சொல் எஞ்சி இசை மறைந்ததன் இழப்பைத் தமிழ் கற்றார் நன்கறிவர். விளையாட்டிசையில் நேரவிருப்பது அதன் மறுதலை: இசை எஞ்சி, அதற்குக் காலம் வகுத்த ஆட்டம் மறையும். ஆகலின், இவ்விசையைக் காக்க விழைவோர் ஒலிப்பதிவோடு அமையாது, ஆடத்தக்க நிலையில் விளையாட்டையும், அதன் பொறியையும், வேறுபட்ட பாடங்களையும் ஒருங்கே காத்தல் வேண்டும் என்பதே யாம் கண்ட முடிபாகும்.