மீன் தொட்டிக்குள் ஒரு கிருமி

இன்னைக்கு ஒரு கிருமியோட வரலாறு. வீட்டுல கலர் மீன் வளர்க்கிறவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க.

1926. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் கடல் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. ஜோசப் அரோன்சன் என்ற ஆய்வாளர் அவற்றைச் சோதித்தார். உள்ளே இருந்தது, காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய சொந்தக்காரன். மைகோபாக்டீரியம் மரைனம் என்று பெயர் வைத்தார்.

1951-ல் கதை ஸ்வீடனுக்குப் போகிறது. ஓரெப்ரு நகர நீச்சல் குளத்தில் குளித்தவர்களுக்கு முழங்கையில் ஆறாத புண். லினெல், நோர்டன் என்ற இருவர் கிருமியைப் பிடித்தார்கள். புதுசுன்னு நினைச்சு வேற பெயரும் வெச்சாங்க. கடைசியில் பார்த்தால், அதே மீன் கிருமி! 1962-ல் மீன் தொட்டியில் கை சிராய்த்துப் புண் வந்த கதையும் மருத்துவ இதழில் வந்தது.

இது ஏன் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது? அதற்குப் பிடித்த சூடு சுமார் 30 டிகிரி. நம்ம உடம்புக்குள்ள 37. அதோடு, எதிர்ப்பு செல்கள் கூடி அதைச் சுற்றி வேலி கட்டிவிடும். அந்த வேலி கலையாமல் காப்பதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு.

1998-ல் அமெரிக்காவில் இன்ஃப்ளிக்சிமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. முதலில் குரோன் என்ற குடல் நோய்க்கு, அடுத்த வருஷம் முடக்குவாதத்துக்கு. பலருக்கு அது பெரிய நிம்மதி. ஆனா அது அடக்குறது அதே டிஎன்எஃப்-ஐத்தான். 2001-ல் வந்த ஓர் ஆய்வு, இந்த மருந்து எடுத்த 70 பேருக்குக் காசநோய் வந்ததைச் சொன்னது. அதன் பிறகு, முதலில் காசநோய்ப் பரிசோதனை, அப்புறம்தான் மருந்து என்பது வழக்கமானது.

மீன் கிருமிக்கு அப்படி முன்கூட்டியே பார்க்கும் வழக்கம் இல்லை. வேலி தளர்ந்தால் அது மூட்டு, எலும்பு வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் எளிதில் தவறவிடக்கூடியது. ஏன்னா லேப்ல வழக்கமான 37 டிகிரியில் வைத்தால் இது சரியாக வளராது. 30 டிகிரியில் வைக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற ஒரு துப்பு வேண்டும்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இடம்தான். துப்பு இருப்பது நோயாளியிடம். இந்த மாதிரி மருந்து எடுக்கிறவங்க, அதை நீங்களே நிறுத்திடாதீங்க. தொட்டி கழுவும்போது கையுறை போடுங்க. புண் ஆறலைன்னா, டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க: "எங்க வீட்டுல மீன் தொட்டி இருக்கு."