அறுப்பின் பண்டிகை – மதுரை வட்டாரம்

அறுவடையின் முதற்பங்கைக் காணிக்கையாகப் படைத்துக் கடவுளுக்கு நன்றி செலுத்தும் கிறிஸ்தவத் திருநாள். மதுரை நகரிலும் வைகை, பெரியாறு பாசன ஊர்களிலும் தென்னிந்தியத் திருச்சபையார் (சி.எஸ்.ஐ.) இதை அறுப்பின் பண்டிகை என்பர். திருநெல்வேலிச் சீமையில் இதற்கு நெருங்கியது ஸ்தோத்திரப் பண்டிகை. அங்கே அசனம் எனும் பொதுவிருந்துக்கே பேர் அதிகம். முதற்பலனைக் கூடையில் எடுத்துச் செல்லச் சொல்லும் உபாகமம் 26ஆம் அதிகாரம் இதற்கு ஆதாரம். வயலோரக் கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 23ஐயும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். பண்டிகைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் கூடைக்குத்தான் இடம்.

மதுரைக்கு இந்த எண்ணம் முதலில் கத்தோலிக்கர் வழியாக வந்தது. 1606இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, பொங்கலைச் சமூக வழக்கமாகக் கருதினார். தம் சபையார் சிலுவையடியில் புத்தரிசிப் பொங்கல் வைக்க இடம் கொடுத்தார். இத்தகைய தழுவல்கள் ரோமாபுரி வரை வழக்காகி நீண்ட காலம் இழுபட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் கோயில் வளாகத்தில் பொங்கல் வைப்பது இயல்பாகிவிட்டது.

சீர்திருத்த சபைகளின் கதை வேறு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபில் வந்தது. 1621இல் பிளிமத் குடியேறிகள் கொண்டாடிய அறுவடை விருந்தின் நினைவு அம்மரபில் ஊறியிருந்தது. இங்கிலாந்திலோ, 1843இல் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊர்க் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் நடத்திய நன்றி ஆராதனையே இன்றைய பண்டிகைக்கு முன்மாதிரி என்பர்.

ஆனால் மதுரையில் இப்பண்டிகையை வேரூன்றச் செய்தது பக்தி மட்டுமல்ல, கணக்குப் புத்தகமும்தான். இந்த மிஷனை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் 1855இல் இங்கு வந்தபோது, கிராமச் சபைகள் தம் ஆயரைத் தாமே தாங்கவேண்டும் என்று வலியுறுத்தினார். சபையாரில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள், குத்தகைதாரர்கள். கையில் காசு கிடையாது. களத்தில் அளக்கும் கூலி நெல்தான் உண்டு. ஆகவே காணிக்கை தானியமாகவே வந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கையும் இவ்வகையே. மிசோரம் சபைகளில் இதே வழக்கம் 1910இல் தொடங்கிப் பெரும் வருவாயாக வளர்ந்தது. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டு மேலூர்ப் பக்கமெல்லாம் நீர் பாய்ந்தது. அந்த வயல்கள் மதுரைச் சபையாரில் பலருக்குச் சொந்தமில்லை. அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள் கொண்டுவந்த முதற்பலன் என்பதே இவ்வட்டாரப் பண்டிகையின் தனித்தன்மை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, லெஸ்லி நியூபிகின் மதுரை-இராமநாதபுரம் பேராயரான பிறகும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

பண்டிகையன்று பீடத்தின் இருபுறமும் கரும்பும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டுவார்கள். நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, தேங்காய், தட்டு நிறைய முட்டை, கூடைக்குள் கவிழ்த்த கோழி எல்லாம் முன்வரிசைக்கு முன்னால் குவியும். பிரசங்கத்தின் நடுவே கோழி கொக்கரித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவுபவருக்கு வாய்ச்சாலகம் வேண்டும்; யார் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், யார் வீட்டில் கல்யாணம் நடந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எலுமிச்சம்பழம் ஒன்று சந்தை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுக்க, மறுபடியும் ஏலம் ஏறும். நகரச் சபைகளில் நெல்லின் இடத்தைக் கேக்கும் காணிக்கைக் கவரும் பிடித்துக்கொண்டன. பெண்கள் சங்கத்தாரின் பலகாரக் கடைக்கு மட்டும் கூட்டம் குறைவதில்லை.

ஏலத்தில் ஒரு முரண் உண்டு. முட்டை கொடுத்த விதவைக்கு அதே முட்டையை ஏலத்தில் எடுக்க வசதி இராது. பெயர் சொல்லிப் புகழப்படுபவர் வாங்குபவர்தான். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) கிராமிய இசையில் வழிபாட்டு முறைமையை அமைத்தவர். எல்லோரும் தம்மிடமுள்ளதைக் கொண்டுவந்து ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதையே அவர் இறையியலின் மையமாக வைத்தார். அறுப்பின் பண்டிகைக்கு ஏலத்தைவிட இந்த உலையே பொருத்தமானது.

இப்பண்டிகைக்குப் பொதுவான தேதி கிடையாது. அந்தந்தச் சபையே தனக்குத் தோதான ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்கிறது.