கடிகாரத் துடிப்பு மீட்புச் சுற்று

அதிவேகத் தொடர்நிலை இணைப்புகளில், வந்துசேரும் தரவு அலையிலிருந்தே கடிகாரத் துடிப்பைக் கண்டெடுத்து, அதைக் கொண்டு பிட்டுகளைப் பிரித்தறியும் மின்னணுச் சுற்று. இத்தகைய இணைப்புகளில் கடிகாரத்துக்கெனத் தனிக் கம்பி கிடையாது. காரணம், நொடிக்கு 1000 கோடி பிட் வேகத்தில் ஒரு பிட்டின் அகலம் 100 பிக்கோநொடிதான்; சுற்றுப்பலகையில் இரு தடங்களின் நீளம் 2 சென்டிமீட்டர் வேறுபட்டாலே அந்த அகலம் முழுவதும் போய்விடும்.

வரலாறு: அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1962இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டி1 தொலைபேசி முறையிலேயே இச்சுற்று முழு வடிவம் பெற்றுவிட்டது. 24 குரல்வழிகளைச் சுமந்த அம்முறையின் வேகம் நொடிக்கு 15.44 லட்சம் பிட். ஏறத்தாழ 6000 அடிக்கு ஒன்றாக நிறுவப்பட்ட ரிப்பீட்டர்கள், வரும் துடிப்புகளை ஒருதிசைப்படுத்தி, மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்றில் செலுத்தின. அதில் எழும் அதிர்வே கடிகாரம். பூஜ்ஜியங்கள் தொடர்ந்து வந்தால் உந்துவாரற்ற ஊஞ்சல்போல் அதிர்வு அடங்கிவிடும் என்பதால், தொடர்ச்சியாக 15 பூஜ்ஜியங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது என விதித்தனர். 1988இல் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட டாட்-8 ஒளியிழைவடத்தில் ஒத்ததிர்வுச் சுற்றின் வேலையைப் பரப்பு ஒலியலை வடிப்பான்கள் செய்தன. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி டி பெல்சீஸ் 1932இல் வானொலி ஏற்புக்காக விவரித்த கட்டப்பூட்டு வளையம் (தன் அலைவியின் கட்டத்தை வரும் அலையின் கட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் சுற்று), சிலிக்கான் சில்லில் அடக்க எளிதென்பதால், பின்னர் ஒத்ததிர்வுச் சுற்றை அகற்றியது.

வகைகள்: தரவுக்கும் கடிகாரத்துக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை அறியும் உறுப்பைக் கொண்டே இச்சுற்றுகளைப் பிரிப்பது முறை. அலெக்சாண்டர் (1975) முறையில் அடுத்தடுத்த இரு பிட்டுகளின் நடுவிலும், இடையிலுள்ள விளிம்பிலும் மாதிரி எடுக்கப்படும். இரு பிட்டுகளும் வேறுபடும்போது, விளிம்பு மாதிரி முந்தைய பிட்டை ஒத்திருந்தால் கடிகாரம் முந்துகிறது. பிந்தைய பிட்டை ஒத்திருந்தால் பிந்துகிறது. எவ்வளவு என்பதை இது சொல்லாது. ஹாக் (1985) முறை அந்த அளவையும் துடிப்பின் அகலமாகத் தருகிறது; பாடநூல்கள் அதையே விரும்பிப் போற்றும். ஆனால் வேகம் கூடும்போது அந்த மெல்லிய துடிப்புகள் சிதைவதால், நடைமுறைக்கு உகந்தது அலெக்சாண்டர் முறையே. மியூல்லர் இருவர் 1976இல் வெளியிட்ட முறைக்குப் பிட்டுக்கு ஒரு மாதிரி போதும்.

தரவில் மாற்றங்கள் அருகினால் எம்முறையும் தடுமாறும். ஐபிஎம் நிறுவனத்தின் விட்மர், ஃபிரானாசெக் இருவரும் 1983இல் விவரித்த 8பி/10பி குறியீட்டில் ஒரே பிட் ஐந்து முறைக்கு மேல் தொடராது. பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் இரு தலைமுறைகள் இதையே கையாண்டன.

தற்போது: 2022இல் வெளியான பிசிஐ எக்ஸ்பிரஸ் 6.0 நான்கு மின்னழுத்த நிலைகளைப் பயன்படுத்துகிறது. இவ்வகை ஏற்பிகள் பலவற்றில் மீட்புப் பணி எண்முறைக் கணக்கீட்டால் நடக்கிறது.