சுந்தரபாண்டியபுரம் வட்டார வாழ்க்கை

சுந்தரபாண்டியபுரம், தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். தென்காசி நகரிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரைச் சுற்றி ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுரண்டை ஆகிய ஊர்கள் உள்ளன. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உருவாகும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சூரியகாந்தி வயல்களுக்காகவும் திரைப்படப் படப்பிடிப்புகளுக்காகவும் பரவலாக அறியப்படுகிறது.

சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள், அமெரிக்கா ஆகிய இடங்களில் பணிபுரிந்து ஊர் திரும்புவோரும், திரும்ப எண்ணுவோரும் இவ்வட்டாரத்தில் பலர் உள்ளனர். இக்கட்டுரை சுந்தரபாண்டியபுரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்காசி, குற்றாலம் பகுதிகளையும் வாழிடமாகக் கொள்வதிலுள்ள வசதிகளையும் இடர்களையும் விவரிக்கிறது.

கணவாயும் காற்றும்

இவ்வட்டாரத்தின் நன்மை தீமைகளில் பெரும்பாலானவை ஒரே மூலத்திலிருந்து தோன்றுபவை. அது செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இடைவெளி ஆகும். ஏனைய இடங்களில் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர் இங்குத் தாழ்ந்து விடுவதால், சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாய் வழியே கிழக்கு நோக்கி நுழைகிறது. காற்றுடன் மேகமும் சிறு தூறலும் வருகின்றன. இத்தூறலையே மக்கள் சாரல் என்பர். மதுரையும் திருநெல்வேலியும் வெயிலில் காயும் சூலை மாதத்தில், தென்காசியில் மின்விசிறி இன்றி உறங்க முடிவது இதனால்தான். குற்றால அருவிகளில் நீர் பெருகுவதும் இப்பருவத்திலேயே. அரசு சார்பில் சாரல் விழாவும் இப்பருவத்தில் நடத்தப்படுகிறது.

எனினும் சாரலை மழை எனக் கொள்ளுதல் பிழையாகும். பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவில், கேரளப் பகுதியில் இறக்கிவிட்டே இப்பக்கம் வருகிறது. செங்கோட்டையிலிருந்து கிழக்கே செல்லச் செல்லத் தூறல் குறைந்து காற்று மட்டுமே எஞ்சுகிறது. சுந்தரபாண்டியபுரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உள்ளது. குளிர்ச்சி உண்டு, ஆனால் குளம் நிறையும் அளவுக்கு நீர் அப்பருவத்தில் வானிலிருந்து விழுவதில்லை. சமவெளியின் முதன்மையான மழை, அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. மார்ச்சு முதல் மே வரை இங்கும் கடும் வெயிலே. விடுமுறைக்கு ஆடி மாதத்தில் வந்து சென்றவர் மனத்தில் பதியும் ஊரும், சித்திரையில் இங்கேயே இருப்பவர் காணும் ஊரும் வெவ்வேறானவை.

காற்றின் வேகம் மற்றொரு பயனையும் தருகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு ஏற்ற கணவாய்களாகப் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கும் குறிப்பிடப்படுகின்றன. இவற்றுள் செங்கோட்டைக் கணவாயின் காற்றைப் பயன்படுத்தும் காற்றாலைகளைத் தென்காசிக்குக் கிழக்கேயுள்ள நிலங்களில் காணலாம். அதே காற்று, தாங்குகோல் இல்லாத வாழைகளைச் சாய்த்தும் விடுகிறது.

நீரும் வேளாண்மையும்

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறும், மேக்கரையில் அடவிநயினார் கோயில் அணைக்கட்டு அமைந்துள்ள அனுமன் நதியும் இவ்வட்டாரத்தின் முதன்மை நீராதாரங்கள் ஆகும். அனுமன் நதி சிற்றாற்றிலும், சிற்றாறு தாமிரபரணியிலும் கலக்கின்றன. இவை நேரடியாக வயலுக்குப் பாய்வதைவிட, கால்வாய்கள் வழியே தொடர் குளங்களை நிரப்பி, அக்குளங்கள் மூலம் வயலுக்குச் செல்வதே மிகுதி. ஆகவே ஓர் ஆண்டின் விளைச்சல், ஆற்றில் வரும் நீரின் அளவை மட்டுமன்றி, மேலேயுள்ள குளம் நிறைந்து கீழேயுள்ள குளத்துக்கு நீர் இறங்குகிறதா என்பதையும் பொறுத்தது. குளத்து நீர் எட்டாத இடங்களில் கிணறுகளே துணை.

குளத்துப் பாசனம் உள்ள இடத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் உள்ளி (சின்ன வெங்காயம்), பல்லாரி, தக்காளி, வெண்டை, கத்தரி, மக்காச்சோளம், சூரியகாந்தி ஆகியனவும் பயிராகின்றன. காய்கறிகள் பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளுக்குச் சென்று, அங்கிருந்து பெருமளவில் கேரளாவுக்கு அனுப்பப்படுகின்றன. ஓணத்தை ஒட்டிய நாட்களில் விலை ஏறுவதும், ஓணம் முடிந்ததும் இறங்குவதும் இங்குள்ள உழவர்கள் நன்கறிந்த ஒன்று. குடியிருப்போருக்கு அன்று பறித்த காய் நகரத்தைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும் வசதி. ஆயினும் அக்குறைந்த விலை விளைவித்தவரின் இழப்பாகவும் இருக்கக் கூடும். வரத்து மிகுந்த வாரங்களில் தக்காளிக்குப் பறிப்புக் கூலியும் தேறாது போவதுண்டு.

சூரியகாந்தி ஏறத்தாழ மூன்று மாதப் பயிர். சூலை, ஆகத்து மாதங்களில் பூத்து நிற்கும் வயல்களைக் காணக் கேரளாவிலிருந்து பலர் வருகின்றனர். பார்வைக்கு இவ்வளவு செழிப்பாகத் தோன்றும் இப்பயிர், இந்திய அளவில் நலிந்து வருவதாகும். 1990களில் உச்சத்தில் இருந்த இந்தியாவின் சூரியகாந்திச் சாகுபடிப் பரப்பு பின்னர் பெரிதும் சுருங்கியது. நாட்டின் சூரியகாந்தி எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதி உக்ரைன், உருசியா, அர்கெந்தீனா ஆகிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்படுகிறது. 2022 இல் உக்ரைனில் போர் மூண்டபோது இந்தியச் சமையலறைகளில் எண்ணெய் விலை உயர்ந்தது இதனாலேயே. கிளிகளும் மயில்களும் விதையைத் தின்பது, ஒளிப்படம் எடுக்க வருவோர் வயலில் இறங்கிச் செடிகளை மிதிப்பது ஆகியன உள்ளூர்ச் சிக்கல்கள் ஆகும். மேக்கரை, வடகரை போன்ற மலையடிவார ஊர்களில் யானைகள் தென்னைகளை அழிப்பதுண்டு. மலையிலிருந்து விலகியிருக்கும் சுந்தரபாண்டியபுரத்திற்கு அவ்வச்சம் குறைவு.

வேலைவாய்ப்பு

வேளாண்மைக்கு அடுத்தபடியாக இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றைத் தாங்கி நிற்பது பீடி சுற்றும் தொழிலாகும். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பகுதிகளில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடியிலுள்ள தட்டில் இலையும் தூளும் வைத்துச் சுற்றுவதைக் காணலாம். கூலி 1000 பீடிக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா போன்ற மாநிலக் காடுகளிலிருந்து வருகிறது. வெளியே செல்லாமல், பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே ஈட்டக்கூடிய வருமானம் என்பதால் பெண்கள் இதனை விடுவதில்லை. புகையிலைத் தூளால் ஏற்படும் இருமலும், குனிந்தே இருப்பதால் வரும் கழுத்து, முதுகு வலியும் இத்தொழிலுடன் வருபவை. 1966 ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976 ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டமும் இவர்களுக்குச் சில பாதுகாப்புகளை அளித்தன. நலநிதிக்கு வருவாய் தந்த தீர்வை 2017 இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது நீக்கப்பட்டது. தென்காசிக்கு வருவோர் அருவியைப் பார்க்கின்றனர், இத்திண்ணைகளைப் பார்ப்பதில்லை.

படித்த இளைஞர்களுக்கு உள்ளூரில் வேலை அரிது. பொறியியல் முடித்தவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்வதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. இந்நிலையில் மென்பொருள் நிறுவனமான சோகோ, 2011 இல் தென்காசிக்குத் தெற்கேயுள்ள மத்தளம்பாறையில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019 இல் கலிபோர்னியாவிலிருந்து மத்தளம்பாறைக்கே குடிபெயர்ந்தார். 2021 இல் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைத் தேர்ந்து, உதவித்தொகையுடன் நிரலாக்கம் கற்பிக்கும் திட்டத்தையும் அந்நிறுவனம் இங்கு நடத்துகிறது. சிற்றூரிலிருந்தும் உலகச் சந்தைக்கான மென்பொருளை உருவாக்க இயலும் என்பதை இது மெய்ப்பித்தது. ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒரே பெரிய நிறுவனம் இருப்பது பணியாளருக்கு ஓர் இடரும் ஆகும். சென்னையில் வேலையை இழந்தவர் அடுத்த தெருவில் வேறு வேலை தேடலாம். இங்கு வேலை மாற விரும்பினால் பெரும்பாலும் ஊரையே மாற்ற வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே பணிபுரிய இசையும் நிறுவனத்தைத் தேட வேண்டும்.

டெக்சசுடன் ஓர் ஒப்பீடு

மேற்கூறிய நிறுவனம் தன் அமெரிக்கத் தலைமையிடத்தையும் கலிபோர்னியாவிலிருந்து தென் மாநிலமான டெக்சசின் ஆஸ்டின் நகருக்கு மாற்றியது கருதத்தக்கது. கலிபோர்னியாவை விட்டு டெக்சசுக்குச் செல்லும் தமிழர்கள் கூறும் காரணங்களும், சென்னையை விட்டுத் தென்காசிக்கு வருவோர் கூறும் காரணங்களும் பெரிதும் ஒத்திருக்கின்றன. வீட்டு விலை குறைவு, இடம் மிகுதி, நெரிசல் குறைவு என்பன அவை. டெக்சசில் மாநில வருமான வரி இல்லை என்பது கூடுதல் ஈர்ப்பு. ஊசுட்டனை அடுத்த பேர்லாந்தில் மீனாட்சி கோயில் இருப்பதும், தமிழ்ச் சங்கங்கள் செயற்படுவதும் குடும்பத்தினருக்கு ஆறுதல்.

குறைகளிலும் ஒற்றுமை உண்டு. டெக்சசில் வருமான வரி இல்லாத குறையைச் சொத்து வரி ஈடு செய்கிறது. கோடை நீண்டது, தானுந்து இன்றி இயங்க முடியாது. 2021 பெப்ரவரியில் வீசிய குளிர்காலப் புயலின்போது மின்கட்டமைப்பு செயலிழந்து 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலிவான ஓர் இடத்தில் குடியேறுபவர், அவ்விடத்தில் எது குறைவாகக் கட்டமைக்கப்பட்டுள்ளது என்பதை இடர் வரும் நாளில்தான் அறிகிறார். தென்காசி வட்டாரத்தில் அத்தகைய குறை மருத்துவமாகும்.

மருத்துவமும் கல்வியும்

தென்காசியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகள் பலவும் உள்ளன. அன்றாட நோய்களுக்கும் மகப்பேற்றுக்கும் இவை போதும். ஆனால் இம்மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. 2022 சனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோதும் தென்காசி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனவே மாரடைப்பு, பக்கவாதம், தலைக்காயம் போன்ற நிலைகளில் நோயாளியை 50 கி.மீ.க்கும் அப்பாலுள்ள திருநெல்வேலிக்குக் கொண்டு செல்ல நேரிடுகிறது. 108 அவசர ஊர்தி 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்குகிறது. எனினும், மூளையில் இரத்தம் உறைந்தவருக்கு முதல் நாலரை மணி நேரத்துக்குள் மருந்து செலுத்தப்பட வேண்டும் என்பதால், அறிகுறியைக் கண்டுகொள்வதில் ஏற்படும் தாமதத்துடன் பயண நேரமும் சேரும்போது அக்கால அளவு கடந்துவிடக் கூடும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் தனித்து வாழும் வீடுகளில் இதுவே முதற்கவலை. ஊர் திரும்பும் முடிவைச் சிலர் எடுப்பதும், வேறு சிலர் பெற்றோரை நகரத்துக்கு அழைத்துச் செல்வதும் ஒரே காரணத்தால்தான்.

திட்டமிட்ட சிகிச்சைகளுக்குத் திருவனந்தபுரம் அணுக்கமானது. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும், சிறீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திற்கும் இவ்வட்டாரத்தினர் செல்கின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணியில், 1981 இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கம் நாடளவில் அறியப்பட்டது. பெருநகரங்களிலும் எளிதில் கிடைக்காத இச்சேவை சுந்தரபாண்டியபுரத்திற்கு அடுத்த ஊரிலேயே கிடைக்கிறது.

குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரியும், சுரண்டையில் காமராசர் அரசு கலைக்கல்லூரியும் உள்ளன. பள்ளிகளுக்குக் குறைவில்லை.

போக்குவரத்து

அருகிலுள்ள முதன்மைத் தொடருந்து நிலையம் தென்காசி சந்திப்பு ஆகும். செங்கோட்டைக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் பொதிகை விரைவுவண்டி ஓர் இரவில் சென்னையைச் சேர்க்கிறது. 1904 இல் திறக்கப்பட்ட செங்கோட்டை-புனலூர் மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010 இல் மூடப்பட்டு 2018 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மாவட்டத்தில் வானூர்தி நிலையம் இல்லை. திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை ஆகியவற்றுள் ஒன்றுக்குச் செல்ல வேண்டும். திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையில் புளியரை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் சுமையுந்துகள் சாலையோர ஊர்களில் நெடுநாளைய மனக்குறையாக உள்ளன.

சுற்றுலாவும் திரைப்படமும்

மணிரத்னம் இயக்கிய ரோஜா (1992) திரைப்படத்தின் நாயகி சுந்தரபாண்டியபுரத்துப் பெண்ணாகச் சித்தரிக்கப்பட்டார். சங்கர் இயக்கிய அந்நியன் (2005) திரைப்படத்தின் ஒரு பாடலுக்காக இங்குள்ள பாறையில் திரை நடிகர்களின் முகங்கள் வரையப்பட்டன. அப்பாறை இன்றும் அந்நியன் பாறை என்றே அழைக்கப்படுகிறது.

குற்றாலத்தின் பருவக் கூட்டம் தென்காசிக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வருவாய் தருகிறது. உள்ளூரார் அந்நாட்களின் வார இறுதியில் அருவிப் பக்கம் செல்வதைத் தவிர்ப்பர். மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது என்பது அருவியின் இயல்பான இடர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென ஏற்பட்ட வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களின் பெருமழை தென் மாவட்டங்கள் நான்கையும் பாதித்தபோது தென்காசியும் அவற்றுள் ஒன்றாக இருந்தது.

நிலமும் வீடும்

ஊர் திரும்புவோரின் வருகையால் சாலையோர வயல்கள் மனைகளாக மாறி வருகின்றன. வயல் மனையாகும்போது அதன் வழியே சென்ற வாய்க்காலும் அடைபடுவதால், கடைமடைக் குளத்துக்கு நீர் செல்வது தடைப்படுகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2016 ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னர், ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்குக் கட்டுப்பாடு உள்ளது. ஆகவே மனை வாங்குவோர் பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலையும் சரிபார்க்க வேண்டும். மனையிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தைச் சாரல் பருவத்தில் அல்லாமல் மே மாதத்தில் பார்ப்பது நலம்.