நடுவில் ஓர் ஒற்று

பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் 'பேர்' என்றால் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் வேலையும் பேர்தான், அந்த நாளுக்குச் செக்ரோலில் விழும் பதிவும் பேர்தான். "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால், வீட்டில் எத்தனை ஆள் என்று கேட்பதாக வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். கேட்பது எத்தனை நாள் வேலை விழுந்தது என்று. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. பெயரில் எப்படிப் பாதி வரும் என்று இலக்கணக்காரர் மலைக்கலாம், கணக்கப்பிள்ளை மலைப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவுத் துறையில் இப்போது அதிகம் அடிபடும் 'நியூரோ-சிம்பாலிக்' என்ற பெயரைத் துருவிக்கொண்டு போனால், இந்த அரைப்பேரின் அருகில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பெயர் இரண்டு துண்டு. முதல் துண்டு நரம்பு வலையமைப்பைக் குறிக்கிறது: ஆயிரக்கணக்கான படங்களையோ வாக்கியங்களையோ பார்த்துப் பழகி, விதி எதையும் சொல்லாமலே ஊகிக்கும் பொறி. மற்றது குறியீட்டுத் தருக்கம்: விதியை எழுதி வைத்து, அதன்படி படிப்படியாக முடிவுக்கு வரும் பொறி. முன்னது ஏன் அப்படிச் சொன்னது என்று விளக்காது. பின்னது விளக்கும், ஆனால் விதியில் இல்லாத எதைக் கண்டாலும் திகைத்து நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் முயற்சிக்குத்தான் அந்தப் பெயர்.

'நியூரான்' பழைய கிரேக்கத்தில் நரம்பணு அல்ல, தசைநார். வில்லின் நாணும் யாழின் தந்தியும்கூட அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டன. மூளையின் உயிரணுவுக்கு அதைப் பெயராக 1891இல் வைத்தவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையர். தமிழ் 'நரம்பு' தனிவழியே நடந்து அதே இடத்துக்கு வந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் நரம்பு என்பது யாழின் நரம்பு, பேச்சு இசையைப் பற்றியது. உடம்பின் நரம்பு, இலையின் நரம்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கின. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் சிங்கள மாணவர் தம் மொழியில் 'ஸ்நாயு ஜால' என்பார். அந்த ஸ்நாயு வடமொழிச் சொல், கிரேக்க நியூரானுக்கு ஒரே வேரில் பிறந்த உறவு. தமிழ் மாணவரின் நரம்பு அந்தக் குடும்பத்தில் சேராதது. ஆனாலும் மூன்றும் நாரில் தொடங்கி மூளைக்கு ஏறியவை.

'சிம்பல்' கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'சிம்போலோன்' என்பது இரண்டாக உடைத்த ஓடு அல்லது எலும்புத் துண்டு. உடன்படிக்கை செய்த இருவர் ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் யாரோ வந்து "நான் அவர் ஆள்" என்றால், பாதியைப் பாதியோடு பொருத்திப் பார்ப்பார்கள். 'சேர்த்து எறிதல்' என்பதே அதன் வேர்ப்பொருள். சிம்பல் என்றால் எழுதிய குறி என்று நாம் நினைக்கிறோம், முதலில் அது ஓர் அடையாளத் துண்டு.

துண்டு என்றதும் மலையகத்தில் வேறொன்று நினைவுக்கு வரும். தோட்டத்துக்கோ கங்காணிக்கோ தொழிலாளி பட்ட கடனை எழுதி, அதை யார் கட்டினாலும் ஆளை விடுவிப்பதாகத் துரை கொடுத்த கடிதத்துக்குப் பெயர் 'துண்டு'. 1921இன் தொழிற்சட்டம் அதை ஒழித்தது. அதற்கு முன்பே, 1901இல், தகர டிக்கட் வந்துவிட்டது. எழுத்தும் எண்களும் பொறித்த சிறு தகர வட்டு அது. கடல் கடந்து வரும் தொழிலாளி அதைக் காட்டினால் எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, செலவை யார் கணக்கில் எழுதுவது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். வந்தவரின் முகமோ ஊரோ வட்டுக்குத் தேவையில்லை. கிரேக்க ஓட்டின் மறுபாதி தோட்ட ஆபீஸில் இருந்தது என்று சொல்லலாம். குறியீடு என்பதன் பலமும் குறையும் இதைவிடத் துலக்கமாய் எனக்கு எங்கும் தெரிந்ததில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணிக்கு வட்டு தேவைப்பட்டதில்லை. பனியில் கம்பளி போர்த்தி வருபவரை நடையைப் பார்த்தே இன்னார் என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் விளக்க முடியாது. நரம்பு வலையமைப்பும் அப்படித்தான். கண்டறிவது கங்காணி, பதிவது கணக்கப்பிள்ளை. தோட்டம் இரண்டையும் வைத்தே ஓடியது. வில்லங்கம் எப்போதும் ஒருவர் சொன்னதை மற்றவர் எழுதும் இடத்தில்தான். மலைச்சரிவு, மழை, அட்டைக்கடி எல்லாம் சேர்ந்த ஒரு நாளைச் செக்ரோல் முழுப்பேர், அரைப்பேர், இல்லை என்ற மூன்றில் ஒன்றாக்கித்தான் ஏற்கும்.

விந்தை என்னவென்றால், பொறிகளின் வரலாற்றில் இரண்டும் சேர்ந்தே பிறந்தவை. 1943இல் மக்கலக்கும் பிட்ஸும் எழுதிய கட்டுரையில் நரம்பணு என்பது ஒரு தருக்க வாய்பாடு: தூண்டல் வரம்பைத் தாண்டினால் ஒன்று, தாண்டாவிட்டால் பூச்சியம். அதில் அரைப்பேருக்கும் இடமில்லை. அதன் பின் வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1958இல் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் என்ற நரம்பு வலையமைப்பு, 1969இல் அதன் எல்லைகளைக் கணிதத்தால் காட்டிய மின்ஸ்கி - பேப்பர்ட் நூல் என்று சண்டை நீண்டது. மறுபடி சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024இல் வந்த ஆல்ஃபாஜியோமெட்ரி நல்ல சாட்சி. இன்ன இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார் என்று மொழி மாதிரி என்னும் நரம்பு வலையமைப்பு ஊகிக்கிறது, விதிப்பொறி அதை வைத்து நிறுவிப் பார்க்கிறது. சர்வதேச ஒலிம்பியாட் வடிவியல் கணக்குகள் 30இல் 25ஐ அது தீர்த்தது.

நம் மொழிக்கும் உதாரணம் உண்டு, அதுவும் இலங்கையிலிருந்தே. சர்வேஸ்வரனும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸும் 2020இல் வெளியிட்ட 'தமிழி' வாக்கியப் பகுப்பியில், சொல்லின் உருபுகளைப் பிரிப்பது கையால் எழுதிய விதிகள். எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று சொல்வது நரம்பு வலையமைப்பு. காரணம் தத்துவமல்ல, வறுமை. தமிழுக்குக் கையிலிருந்த பகுத்த வாக்கியத் தொகுப்பு 600 வாக்கியம் மட்டுமே, அதை மட்டும் வைத்து எந்த வலையமைப்பும் தேறாது. 'பதுளையிலிருந்து' என்ற சொல்லை ஒருமுறைகூடக் கண்டிராத விதிப்பொறி, பதுளை அகராதியில் இருந்தால் போதும், உருபைச் சரியாகக் கழற்றிவிடும். 'பதுளையிலேருந்து' என்று பேச்சு வழக்கில் வந்தால், அதற்கென்று விதி எழுதாதவரை முழிக்கும். 'பேர்' ஆளா ஒரு நாள் வேலையா என்பதையோ பக்கத்துச் சொற்களைப் பார்த்துப் பழகிய வலையமைப்புத்தான் ஊகிக்க வேண்டும்.

இனிப் பெயருக்கு வருகிறேன். தமிழில் நியூரோ-சிம்பாலிக் என்பதை 'நரம்புக் குறியீட்டு' என்றும் 'நரம்பு குறியீட்டு' என்றும் இரண்டு விதமாகவும் எழுதலாம். அச்சுப்பிழை என்று ஒன்றைத் தள்ளிவிட முடியாது. நரம்பு மென்தொடர்க் குற்றியலுகரம். நரம்புத்தளர்ச்சி போல வேற்றுமை உறவு இருந்தால் வல்லினம் மிகும். தாய்தந்தை, செடிகொடி போல உம்மைத்தொகையானால் மிகாது. அதாவது ஒற்றுப் போட்டால் நரம்பின் குறியீடு, ஒன்று மற்றதற்கு உடைமை. போடாவிட்டால் நரம்பும் குறியீடும், இரண்டும் சமம். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஹென்றி கௌட்ஸ் 2020இல் ஆற்றிய உரையில் இந்த இணைப்பை ஆறு வகையாகப் பிரித்தபோது, வகைகளுக்குப் புதுப்பெயர் தேடவில்லை. அதே இரு சொற்களை நடுவே கோடு, அம்பு, அடைப்பு என்று மாற்றி மாற்றி எழுதினார். குறியீட்டுப் பொறிக்குள் நரம்பு வலையமைப்பு ஓர் உறுப்பாக இருந்தால் ஒருவித எழுத்து, நரம்பு வலையமைப்புக்குள் குறியீட்டுப் பொறி இருந்தால் வேறுவித எழுத்து.

அவருக்கு நிறுத்தக்குறி செய்த வேலையை நமக்குப் புணர்ச்சி செய்கிறது. கலைச்சொல் குழுக்கள் ஏதோ ஒன்றை நிலைப்படுத்துவதற்கு முன், தமிழிப் பகுப்பியை 'நரம்பு குறியீட்டு' என்று ஒற்றில்லாமலும், ஊகிப்பது நரம்பாகவும் தீர்ப்பது விதியாகவும் இருக்கும் ஆல்ஃபாஜியோமெட்ரியைக் 'குறியீட்டு நரம்பு' என்று சொல் மாற்றியும் எழுதலாம் என்பது என் கட்சி.