சோழவரத்தில் அப்பா

வீடு மாற்றும்போது பழைய ஆல்பத்திலிருந்து இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் விழுந்தது. பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து: சோழவரம், 1974.

"தாத்தா ஏர்போர்ட்டுக்கா போனார்?" என்றான் புனேயில் பிறந்த என் பையன். பாதி சரி! சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போருக்குப் பின் 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. தனி ரேஸ் கார்களோடு, தெருவில் பார்க்கும் ஃபியட்டும் ஹெரால்டும்கூட எஞ்சினைத் தட்டிக்கொட்டி ஓடும்.

படத்தில் கார் பாதிதான் விழுந்திருக்கிறது. கூட்டத்தைப் பாருங்கள்: தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. அப்பா ஓரத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வந்தது. பந்தயமும் அங்கே போய்விட்டது. அப்பா கடைசிவரை கார் வாங்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் சோழவரம் படம் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்களேன். இதில் ஓட்டுபவர் முகம் தெரியவில்லை.